அப்பாவுக்கு அறுபது நிறைகிறதா? அறுபதாம் கல்யாணத்தை எடுத்துச் செய்யப் போகிறவர்களுக்கு

அப்பாவுக்கோ மாமனாருக்கோ அடுத்த வருஷம் அறுபது நிறைகிறது. பிள்ளைகள் நாம்தான் எடுத்துச் செய்ய வேண்டும், ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. இப்படிக் கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் பெரியப்பா, மாமா, அப்பா என்று அடுத்தடுத்து அறுபதாம் கல்யாணங்கள் நடந்தன. கூடமாட நின்று வேலை பார்த்ததில் தெரிந்துகொண்டவை இவை.

ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அறுபதாம் கல்யாணம் அடிப்படையில் நன்றி சொல்லும் சடங்கு. இத்தனை வருஷம் உயிரோடு இருந்ததற்கும், துணையோடு இருந்ததற்கும், பேரன் பேத்தி பார்த்ததற்கும். மண்டபம், மெனு, போட்டோகிராபர் என்று ஓடத் தொடங்கியதும் இது பின்னால் போய்விடும். எந்த முடிவு எடுத்தாலும், "இதனால் அவர்கள் இருவருக்கும் மனசு நிறையுமா, சாயங்காலம் உடம்பில் தெம்பு மிஞ்சுமா" என்று கேட்டுப் பாருங்கள். பாதி குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அறுபது ஏன், எந்த வயதுக்கு எது

தமிழ் வருஷங்களுக்குப் பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்கள். ஒருவர் பிறந்த வருஷத்தின் பெயர் மறுபடி வருவது அறுபது நிறையும்போதுதான். 1966 ஏப்ரல் நடுவிலிருந்து 1967 ஏப்ரல் நடுவுக்குள் பிறந்தவர்கள் பராபவ வருஷத்துக்காரர்கள். 2026 ஏப்ரலில் பிறக்கிற வருஷமும் பராபவதான். வானத்திலும் இதற்கு ஒரு கணக்கு உண்டு. வியாழன் ஒரு சுற்று வர ஏறத்தாழ 12 வருஷம், சனிக்கு ஏறத்தாழ 30. இரண்டு கிரகங்களும் சேர்ந்தாற்போல், நாம் பிறந்தபோது நின்ற இடத்துக்குப் பக்கத்தில் திரும்பி வருவது அறுபதாவது வருஷத்தில்.

59 முடிந்து 60 தொடங்கும்போது செய்வது உக்ரரத சாந்தி. 60 முடிந்து 61 தொடங்கும்போது செய்வதுதான் சஷ்டியப்த பூர்த்தி, நாம் அறுபதாம் கல்யாணம் என்று சொல்வது. எழுபதை ஒட்டி பீமரத சாந்தி. எண்பது கடந்ததும் சதாபிஷேகம். ஆயிரம் பிறை கண்டவர் என்று அவர்களைச் சொல்வார்கள். ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் இடையில் இருபத்தொன்பதரை நாள் என்று போட்டுப் பாருங்கள், ஆயிரம் பௌர்ணமிக்கு 80 வருஷமும் சில மாதங்களும் ஆகும். முதலில் குழம்புகிற இடம் 59க்கும் 60க்கும் நடுவில்தான். "அறுபது நடக்குதா, முடிஞ்சுதா" என்பதைத் தெளிவாக்கிக்கொண்டு பிறகு சடங்கை நடத்திவைக்கும் வாத்தியாரிடம் பேசுங்கள்.

சுதந்திரம் கிடைத்த சமயத்தில் இந்தியர்களின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டித்தான் இருந்தது. இன்று 70ஐ ஒட்டி இருக்கிறது. அந்த 32க்குப் பெரிய காரணம் பிறந்த சில நாளிலும் மாதத்திலும் போன குழந்தைகள். ஆனாலும் அம்மை, காலரா, பிரசவம், பஞ்சம் எல்லாம் தாண்டி அறுபதைத் தொட்டவரை ஊரே வந்து கும்பிட்டதில் அர்த்தம் இருந்தது. உங்கள் பாட்டியிடம் அவரோடு கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், எத்தனை பேர் தங்கினார்கள் என்று கேளுங்கள். அறுபதை ஏன் கொண்டாட வேண்டும் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

முதலில் அவர்கள் இருவரையும் கேளுங்கள்

பிள்ளைகள் கூடிப் பேசி, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, "உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ்" என்று சொல்லும் வீடுகளைப் பார்க்கிறேன். இது வேண்டாம். அவர்கள் உடம்பு, அவர்கள் நாள், அவர்கள் கூச்சம். ஆறு மாதம் முன்பே கேளுங்கள், தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டால் ஒருவர் முகத்தைப் பார்த்து மற்றவர் பதில் சொல்வார்.

பெரும்பாலும் அம்மாவுக்கு ஆசை இருக்கும், அப்பா "எதுக்கு இந்த வெட்டிச் செலவு" என்பார். அந்த வார்த்தைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பொறுமையாகப் பாருங்கள். சிலருக்கு, இத்தனை வயதில் மாலையும் கழுத்துமாக நிற்பது கூச்சம். சிலருக்கு உண்மையிலேயே பணக் கவலை. பிள்ளைகள் கடன் வாங்கிச் செய்வார்களோ என்ற பயம். தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு ஓய்வு வயது 58 ஆக இருந்து, 2020இல் 59 ஆகி, 2021இல் 60 ஆனது. அதனால் இப்போது அரசு வேலையில் இருப்பவர்களுக்கு பணி ஓய்வும் அறுபதாம் கல்யாணமும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் வந்து நிற்கின்றன. நாற்காலி போகிறது, சம்பளம் பென்ஷனாகிறது, அதே மாதம் எல்லோரும் வந்து "வயசாயிடுச்சு" என்று மாலை போடுகிறார்கள். மனசு கொஞ்சம் ஆடத்தான் செய்யும். முடிந்தால் அலுவலகப் பிரிவு விழாவும் வீட்டு விழாவும் ஒரே வாரத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சடங்குக்கு நட்சத்திரம் நாள் குறித்துவிடுகிறது, ஆனால் அலுவலக விழாவின் தேதியைப் பேசி மாற்றலாம்.

எங்கள் அப்பா மறுத்த காரணம் வேறு. அவருடைய தம்பி, எங்கள் சித்தப்பா, ஐம்பது தாண்டாமலே போய்விட்டார். "அவன் இல்லாம நான் மட்டும் மாலை போட்டுக்கணுமா?" என்று ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டு முடித்து எழுந்திருக்காமலே கேட்டார். எங்களில் யாரிடமும் பதில் இல்லை. அம்மாதான் சொன்னாள்: "அவர் இருந்திருந்தா இந்நேரம் சமையல்காரரைப் பேசி முடிச்சிருப்பார். அவர் பேர்லயே முதல் தானம் குடுங்க." அப்படியே செய்தோம். வயதாவதற்கு நன்றி தோன்றுகிற இடத்திலேயே, நம்மோடு வர முடியாமல் போனவர்களின் நினைவும் இருக்கிறது. அதைப் பேச இடம் கொடுங்கள். "நல்ல நாளும் அதுவுமா" என்று வாயை அடைக்காதீர்கள்.

நாள் குறிப்பது

முகூர்த்த நாள் தேட வேண்டியதில்லை. அப்பா பிறந்த தமிழ் மாதத்தில் அவருடைய ஜன்ம நட்சத்திரம் வருகிற நாள்தான் நாள். சந்திரன் எல்லா நட்சத்திரங்களையும் சுற்றி வர 27 நாளுக்குச் சற்று மேலே ஆகும் என்பதால், சில மாதங்களில் ஒரே நட்சத்திரம் இரண்டு முறை வரும். எதை எடுப்பது என்பதை உங்கள் வீட்டு வாத்தியாரிடம் விட்டுவிடுங்கள். ஆடியிலோ மார்கழியிலோ பிறந்தவராக இருந்தால் "மார்கழியில கல்யாணமா" என்று உறவில் ஒருவர் கட்டாயம் கேட்பார். இது ஜன்ம நட்சத்திரத்தை வைத்து வருகிற சாந்தி, அதனால் மாத தோஷம் பார்ப்பதில்லை என்று பதில் சொல்லலாம். திருக்கடையூரில் பன்னிரண்டு மாதமும் நடக்கிறது.

சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதியை நம்பி நாள் குறிக்காதீர்கள். அறுபதுகளில் பிறந்தவர்களில் எத்தனையோ பேருக்கு அது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஆசிரியர் போட்ட தேதி. ஜூன் முதல் வாரத்தில் பிறந்தவர்கள் நம் ஊரில் இத்தனை பேர் இருப்பது அதனால்தான். ஜாதகம் இருந்தால் கவலை இல்லை. இல்லையென்றால் வீட்டில் இருக்கும் மூத்த பெண்களிடம் போய் உட்காருங்கள். அவர்கள் தேதி சொல்ல மாட்டார்கள், சம்பவம் சொல்வார்கள். "தனுஷ்கோடி புயல் அடிச்ச மாசம்" என்றால் 1964 டிசம்பர். "இந்திக்கு எதிரா பசங்க ரயிலை மறிச்ச வருஷம்" என்றால் 1965. "அண்ணாதுரை முதலமைச்சரா வந்தப்போ கைக்குழந்தை" என்றால் 1967 மார்ச்சுக்குக் கொஞ்சம் முன்னால். அந்த வாரம் திருவிழாவா, அறுவடையா, மழையா என்று கேட்டு நெருங்கினால், பழைய பஞ்சாங்கத்தை வைத்து ஜோசியர் நாளைப் பிடித்துவிடுவார். எதுவுமே கிடைக்காவிட்டால் பெயரின் முதல் எழுத்தை வைத்து நட்சத்திரம் எடுக்கும் வழக்கம் இருக்கிறது.

அந்த நாளில் செய்ய முடியாமல் போனால்? வீட்டில் தீட்டு, ஆஸ்பத்திரி, வெளிநாட்டுப் பிள்ளைக்கு லீவு இல்லை, எதுவும் வரலாம். பிறகு வருகிற வேறொரு ஜன்ம நட்சத்திரத்தில் செய்கிறவர்கள் உண்டு. தள்ளிப்போனதில் ஒரு குறையும் இல்லை என்பதை முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். அவர்தான் அதிகம் கலங்குவார்.

நன்றிப் பட்டியல்

அழைப்புப் பட்டியலுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அழைப்புப் பட்டியல் எப்படி உருவாகும் என்று தெரியும். அவர்கள் வீட்டுக்கு நாம் போனோம், இவர்கள் மொய் வைத்தார்கள், சம்பந்தி வீட்டு உறவு, ஆபீஸ், அபார்ட்மென்ட். இதெல்லாம் இருக்கட்டும். தனியாக ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்காருங்கள், அப்புறம் இன்னொரு நாள் அம்மா பக்கத்தில். ஒரே கேள்வி: "இந்த அறுபது வருஷத்தில் நீங்க தப்பிச்சு வந்ததுக்கு யாரெல்லாம் காரணம்?"

முதலில் பெரிய பெயர்களாக வரும். பெற்றோர், ஆசிரியர், வேலை வாங்கித் தந்தவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். பிறகுதான் உண்மையானவர்கள் வருவார்கள். காலேஜ் ஃபீஸ் கட்டக் கம்மலை அடகு வைத்துக் கொடுத்த அத்தை. மஞ்சள் காமாலை வந்தபோது தினமும் கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரர். அம்மாவுக்கு முதல் பிரசவம் சிக்கலானபோது நடுராத்திரி மாட்டு வண்டி பூட்டியவர். வாடகை மூன்று மாதம் பாக்கி இருந்தும் வாய் திறக்காத வீட்டுக்காரம்மா. எங்கள் அம்மா சொன்ன பெயர்களில் பாதி எங்களுக்குத் தெரியாதவை. ஒருவர், எனக்கு நிமோனியா வந்தபோது ரத்தம் கொடுத்த பேருந்து நடத்துநர். அப்படி ஒரு மனிதர் இருந்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

பட்டியல் தயாரானதும் யார் இருக்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். இருப்பவர்களுக்கும் எண்பது தொண்ணூறு வயதாகியிருக்கும், விழாவுக்கு வர முடியாது. அதனால் விழாவுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு அவர்கள் வீடுகளுக்குப் போய்வாருங்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், ஒரு வேட்டியோ புடவையோ. விழுந்து கும்பிட்டுவிட்டு, என்ன செய்தார்கள் என்பதை அப்பா வாய்விட்டுச் சொல்ல வேண்டும். செய்தவருக்குப் பல சமயம் அது நினைவே இருக்காது. பரவாயில்லை. சொல்கிறவருக்கு நினைவிருக்கிறது, அது போதும்.

இறந்துபோனவர்கள் பெயரில் என்ன செய்வது என்பதை அப்பாவிடமே விட்டுவிடுங்கள். அவர்கள் பிள்ளைகளைப் போய்ப் பார்ப்பதும் நன்றிதான். சடங்கில் தச தானம் என்று ஒன்று வரும்: பசு, நிலம், எள், பொன், நெய், துணி, தானியம், வெல்லம், வெள்ளி, உப்பு. பெரும்பாலும் இவை அடையாளமாகவே கொடுக்கப்படும். அதைக் குறை சொல்லவில்லை. கூடவே பட்டியலில் இருக்கும் ஒருவர் பெயரில் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவையோ, ஒரு முதியோர் இல்லத்தின் ஒரு நாள் சாப்பாட்டையோ ஏற்றுக்கொண்டால் தானம் என்ற சொல்லுக்கு உயிர் வரும். மண்டப அலங்காரத்தில் ஒரு வரிசைப் பூவைக் குறைத்தால் இதற்கான பணம் வந்துவிடும்.

இந்த வேலை நடக்கும்போதே பெற்றோரின் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். அறுபது என்பது கழிந்துபோன கணக்காக இல்லாமல், கிடைத்தவற்றின் கணக்காக அவர்களுக்கே தெரியத் தொடங்கும்.

வீடா, மண்டபமா, திருக்கடையூரா

வீட்டு மாடியிலோ பக்கத்துக் கோவிலிலோ செய்தால் அலைச்சல் குறைவு, வயதானவர்கள் வந்துபோவது எளிது. என் விருப்பம் அதுதான். ஆனால் பலருக்குத் திருக்கடையூர் என்பது நெடுநாள் ஆசையாக இருக்கும். அப்படியானால் அங்கேயே செய்யுங்கள்.

மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிற ஊர். அமிர்தகடேஸ்வரர், அபிராமி அம்மன் சந்நிதி. சிவன் வீரச் செயல் புரிந்ததாகச் சொல்லப்படும் எட்டு ஊர்களான அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்று. பதினாறு வயதோடு ஆயுள் முடியும் என்று விதிக்கப்பட்ட மார்க்கண்டேயன் லிங்கத்தைக் கட்டிக்கொண்டதும், பாசம் வீசிய எமனைச் சிவன் காலால் உதைத்ததும் இங்கேதான் என்பது தல புராணம். காலசம்ஹார மூர்த்தியின் சந்நிதியில், ஆயுள் வேண்டி வந்தவர்களின் வரிசை எப்போதும் நீளமாக இருக்கும். கோவில் தருமபுரம் ஆதீனத்தின் நிர்வாகத்தில் உள்ளது.

அங்கே முதல் முறை போகிறவர்கள் எதிர்பாராதது கூட்டம். நட்சத்திரத்தை வைத்து நாள் வருவதால் தினமும் விழா நாள்தான். ஒரே நேரத்தில் பிராகாரமெங்கும் பல தம்பதிகளுக்கு ஹோமம் நடக்கும். நாதஸ்வரம் ஒன்றோடொன்று மோதும், புகை கண்ணைக் கரிக்கும். இதைத் தெரிந்துகொண்டு போனால் அது ஓர் அழகு. நூறு தம்பதிகள் ஒரே காரணத்துக்காக நன்றி சொல்லிக்கொண்டிருக்கிற இடம் வேறெங்கே கிடைக்கும்? தெரியாமல் போனால் எரிச்சல்.

பதிவைக் கோவில் அலுவலகத்திலும் குருக்களிடமும் நேரில் அல்லது போனில் முன்கூட்டியே பேசி உறுதிசெய்து, ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கலசங்களின் எண்ணிக்கை, ஹோமங்களின் எண்ணிக்கை கூடக் கூட நேரமும் செலவும் கூடும். எது சேர்ந்தது, எது தனி என்பதை எழுதி வாங்குங்கள்: மாலை, மேளம், பசு பூஜை, சாப்பாடு, தங்கும் அறை. கலசம் அதிகமாக இருந்தால் ஆயுள் அதிகம் என்றெல்லாம் யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். முழங்கால் வலியுள்ளவர் நான்கு மணி நேரம் உட்கார முடியுமா என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டிய கணக்கு.

ரயிலில் போவதானால் மயிலாடுதுறையில் இறங்கி, அங்கிருந்து காரிலோ பஸ்ஸிலோ போகலாம். ரயிலில் 60 நிறைந்த ஆண்களுக்கும் 45 நிறைந்த பெண்களுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு. ஆனால் ஒரு டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் போனால் அது பொருந்தாது. அதனால் குடும்பம் முழுக்க ஒரே டிக்கெட்டில் போடாமல், அப்பா அம்மாவுக்குத் தனியாகப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை என்றால் டெல்டாவில் மழைக்காலம், ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசி என்றால் வெயிலில் கல் தரை பொரியும். சடங்கை அதிகாலையில் தொடங்கக் கேளுங்கள். வந்ததே வந்தோம் என்று வைத்தீஸ்வரன் கோவில், திருவெண்காடு, இன்னும் மிச்ச நவக்கிரகக் கோவில்கள் எல்லாவற்றையும் அதே பயணத்தில் திணிக்காதீர்கள். சாயங்காலம் தரங்கம்பாடிக் கடற்கரையில் சும்மா உட்கார வையுங்கள். பக்கத்தில்தான்.

சடங்கில் என்ன நடக்கும்

வாத்தியாருக்கு வாத்தியார் மாறும், ஆனால் போக்கு ஒன்றுதான். பிள்ளையார் பூஜை, சங்கல்பம், கலசங்களை நீர் நிரப்பி வைத்து அவற்றில் தெய்வங்களை அழைக்கும் ஆவாகனம், கணபதி, நவக்கிரகம், மிருத்யுஞ்ஜயம், ஆயுஷ்யம் என்று ஹோமங்கள், அப்புறம் கலசாபிஷேகம், புது உடை, மாலை மாற்றல், தாலி, ஆசீர்வாதம், சாப்பாடு.

நெஞ்சைத் தொடுவது கலசாபிஷேகம். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, தலைக்கு மேலே சல்லடையைப் பிடித்து, பிள்ளைகளும் மருமக்களும் உறவுகளும் ஒவ்வொருவராக வந்து கலச நீரை ஊற்றுவார்கள். மாவிலையும் மஞ்சளும் வாசம் அடிக்கும். தண்ணீர் சரசரவென்று இறங்கும்போது எங்கள் அம்மா மூச்சை இழுத்துப் பிடித்து அப்பாவின் முழங்கையைப் பற்றிக்கொண்டாள். நாற்பது வருஷத்தில் அவர்கள் எங்கள் முன்னால் கையைப் பிடித்துப் பார்த்ததில்லை. குழந்தையாய் நம்மைக் குளிப்பாட்டியவர்களை நாம் குளிப்பாட்டுகிற நேரம் அது. செல்போனைக் கீழே வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

சமஸ்கிருத மந்திரம் வேண்டாம் என்கிற வீடுகளில் ஓதுவாரை வைத்துத் தேவாரமும் அபிராமி அந்தாதியும் பாடி வேள்வி செய்கிறார்கள். சடங்கே வேண்டாம் என்பவர்கள் மணிவிழாவாக, மாலையும் வாழ்த்துரையும் விருந்துமாகச் செய்யலாம். கிறிஸ்தவ வீடுகளில் நன்றித் திருப்பலியோ ஸ்தோத்திர ஆராதனையோ வைப்பார்கள். மேலே சொன்ன நன்றிப் பட்டியலும், கீழே வருகிற உடல்நலக் கவனிப்பும் எல்லோருக்கும் பொருந்தும்.

புதுத் தாலியைப் பிள்ளைகள் வாங்கித் தருகிற வீடும் உண்டு, அம்மாவின் பிறந்த வீட்டிலிருந்து வருகிற வீடும் உண்டு. நகைக்கடைக்குப் போவதற்கு முன்னால் மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், சீர் கொண்டுவரும் உரிமை அவருக்கு இருக்கிறது. பழைய தாலியோடு சேர்த்துப் போட்டுக்கொள்வதா, எப்படி என்பது அம்மாவின் இஷ்டம்.

அன்றைக்கு உடம்பைப் பார்த்துக்கொள்ள

இதற்கென்றே ஒருவரை நியமியுங்கள். பந்தியையோ போட்டோவையோ அவர் பார்க்கக் கூடாது, அப்பா அம்மாவை மட்டும் பார்க்க வேண்டும். மருமகளோ, பெரிய பேரனோ, யார் நிதானமானவரோ அவர்.

சர்க்கரை இருப்பவர் வெறும் வயிற்றோடு ஹோமத்தில் உட்காரக் கூடாது. "மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாம இருக்கேன்" என்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது. சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிடும். என்ன சாப்பிடலாம், மாத்திரையை எப்போது போடுவது என்று ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். பிறகு வாத்தியாரிடமும் சொல்லுங்கள். பாலும் பழமும் இட்லியும் சாப்பிட்டு உட்காரச் சொல்லாத வாத்தியாரை நான் பார்த்ததில்லை, முன்கூட்டிச் சொன்னால் போதும்.

மணையில் சம்மணம் போட முடியாதவருக்கு நாற்காலி போடலாமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். உயரம் குறைந்த முக்காலி இருந்தால் ஹோம குண்டத்துக்கு நெய் விடவும் கை எட்டும். ஆஸ்துமா இருந்தால் ஏசி ஹாலில் கதவை மூடிக்கொண்டு ஹோமம் செய்வதைத் தவிருங்கள், இன்ஹேலர் பையில் இருக்கட்டும். இடையில் பாத்ரூம் போக வேண்டியிருக்கும். வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுவார்கள், அம்மாக்கள் முக்கியமாக. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழ ஓர் இடைவெளி வேண்டும் என்று வாத்தியாரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அபிஷேகத் தண்ணீர் விடிகாலையில் ஐஸாக இருக்கும். கொஞ்சம் வெந்நீர் கலக்கச் சொல்லுங்கள். ஊற்றி முடித்ததும் தரையெல்லாம் மஞ்சள் தண்ணீர், வழுக்கும். ஈரப் புடவையோடு எழுந்து நடப்பதுதான் விழுகிற இடம். பெரிய துண்டு இரண்டு, தரையில் போடச் சாக்கு, இரண்டு பக்கமும் ஆள், உடை மாற்றும் அறை பக்கத்திலேயே. புது உடையை முதல் நாளே பிரித்து, பிளவுஸ் சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பார்க்கட்டும். ரோஜா மாலை கனமாக இருந்தால் கழுத்து எலும்பு தேய்மானம் உள்ளவருக்கு வலிக்கும். சின்ன மாலை, சம்பங்கியோ மல்லிகையோ, அதுவும் அழகுதான்.

மேடையில் வரிசையாக வந்து காலில் விழுவதும் போட்டோவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம். சாப்பாட்டுக்கு முதல் பந்தியிலேயே அவர்களை உட்கார வைத்துவிடுங்கள். "எல்லாரும் சாப்பிடட்டும்" என்று அப்பா சொல்வார், கேட்காதீர்கள்.

ஜோடியில் ஒருவர் இல்லாத வீடு

இதைப் பேசாமல் போகிற வழிகாட்டிகள்தான் அதிகம். அப்பா போய்விட்டார், அம்மாவுக்கு அறுபது நிறைகிறது. அதைக் கொண்டாட ஒன்றும் இல்லை என்று அவரே சொல்வார், சுற்றமும் தலையாட்டும். நான் இதை ஏற்க மாட்டேன். தனியாளாக நின்று பிள்ளைகளை ஆளாக்கிய ஒரு பெண் அறுபதைத் தொட்டதற்கு நன்றி சொல்லாமல் வேறு எதற்குச் சொல்வது? ஆயுஷ்ய ஹோமத்துக்குத் தம்பதியாக இருக்க வேண்டும் என்பதில்லை, அவர் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் செய்யலாம். அம்மனுக்கு அபிஷேகம், அன்னதானம், பிள்ளைகள் எடுத்துத் தந்த புடவை, எல்லோரும் வரிசையாக விழுந்து கும்பிடுவது. நிறமுள்ள புடவை எடுங்கள். வேண்டாம் என்றால் மறுபடி ஒருமுறை கேளுங்கள்.

அப்பா அம்மா இருவரும் இருந்து விழா நடக்கும்போதும், கணவரை இழந்த அத்தை, சித்தி, பெரியம்மா ஆகியோரைப் பின் வரிசைக்குத் தள்ளாதீர்கள். எங்கள் சித்தியை முன் நாற்காலியில் உட்கார வைத்து, முதல் அட்சதையை அவர் கையால் போட வைத்தார் அப்பா. ஒரு பாட்டி முணுமுணுத்தார். "என் தம்பி வீட்டிலேர்ந்து வந்திருக்கிற ஆசீர்வாதம் அது" என்று அப்பா சத்தமாகவே சொன்னார், அதோடு அந்தப் பேச்சு நின்றது. இதை வாத்தியாரிடம் முதல் நாளே சொல்லிவைத்துவிடுங்கள், மேடையில் சங்கடம் வராது.

மறுநாள்

வீட்டில் விருந்தாளி இல்லாத ஒரு நாளை அவர்களுக்குக் கொடுங்கள். தூங்கட்டும். பாக்கி கொடுக்க வேண்டிய ஆட்களுக்குப் பணத்தைக் கொடுத்து முடித்து, மொய் நோட்டை அம்மாவிடம் ஒப்படையுங்கள், திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு அவருடையது. நன்றிப் பட்டியல் எழுதிய நோட்டை அட்டை போட்டு வையுங்கள். வந்தவர்களில் யார் என்ன பழைய கதை சொன்னார்கள் என்பதையும், நினைவு சூடாக இருக்கும்போதே அதில் எழுதிவிடுங்கள்.

அந்த மாதத்துக்குள் இருவருக்கும் முழு உடல் பரிசோதனை, கண், பல், காது உட்பட. மூத்த குடிமக்களுக்கு வங்கி வைப்புத்தொகையில் கிடைக்கிற கூடுதல் வட்டிக்கு வயதுச் சான்று கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். அப்பாவின் நட்சத்திரம், தமிழ் மாதம், பிறந்த வருஷத்தின் பெயர் மூன்றையும், கூடவே அம்மாவுடையதையும், அதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். பத்து வருஷம் கழித்து பீமரத சாந்திக்கு நாள் பார்க்கும்போது தனுஷ்கோடி புயலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்காது.